பந்தை வெளியே உதைத்த நீல் பிராக்கன்பரிக்கு

ஸ்கெல்பி நகரக் கால்பந்துக் கழகத்தின் ஐந்தாம் எண் சட்டைக்காரர், தடுப்பாட்டத் தளபதி, திரு. நீல் பிராக்கன்பரி அவர்கள் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் இவ்வேளையில், கழக ஊழியர்கள் மனமுவந்தும் மனம் நொந்தும் படித்தளிக்கும் மடல்.

கடற்காற்று கன்னத்தில் அறையும் ஸ்கெல்பியின் காவலரே! கல்மழையையும் கார்னர் பந்தையும் ஒரே நெற்றியால் எதிர்கொண்ட நெஞ்சுரத்தாரே! மும்முறை மூக்குடைந்தும் முகங்கோணாத முன்னவரே! பாய்ந்து வந்தோரைப் பதறாமல் மறித்தவரே, பழித்து நின்றோரைப் பகைக்காமல் பொறுத்தவரே, எங்கள் அன்பிற்குரிய பிராக் அவர்களே, வணக்கம். மூக்கு கோணியது உண்மைதான். முகத்தைப் பற்றி மட்டுமே மேலே சொல்லியிருக்கிறோம்.

வாழ்த்து மடலில் வார்த்தைக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது, வாய்மைக்கு மட்டும் பஞ்சம் இருக்கலாம் என்பது இக்கழகத்தின் நெடுநாள் வழக்கம். சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற கோல்கீப்பருக்கு வாசித்த மடலில் அவரைக் கோட்டைச் சுவர் என்று எழுதியிருந்தார்கள்; அந்தச் சுவருக்குள் எத்தனை பந்து புகுந்தது என்பதை வலையைத் தைத்த லென் சட்டர்பி அறிவார். ஆகவே இம்முறை மடலை அலுவலகத்தில் எழுத விடாமல் சலவை அறையில் எழுதினோம். எழுதியவள் மவ்ரீன் டவ்ஸ்வெல், உங்கள் சட்டைகளைத் துவைத்தவள். தோளுக்குப் பின்னால் நின்று, “இது போதாது, இன்னும் சூடா எழுது” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மைதானக் காப்பாளர் லென்.

நாங்கள் எழுதுவது தெரிந்ததும் தலைவர் திரு. கார்டன் பைகிராஃப்ட் அவர்களிடமிருந்து ஓர் அன்புக் கட்டளை வந்தது. அதைச் சுமந்து வந்தவள் அலுவலகத்து டெனிஸ்.

“மவ்ரீன், சனிக்கிழமை கோலைப் பத்தி நல்லா நாலு வரி போடணுமாம். மத்தது எல்லாம் உங்க இஷ்டமாம்.”

“நாலு வரி என்ன கண்ணு, நாலு பக்கமே போடறேன்னு போய்ச் சொல்லு.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்கள் தட்டிலுள்ள இறைச்சி அடைத்த அப்பமும் பட்டாணியும் ஆறுவதற்குள் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம், எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பெருமைக்குரியவரே, பதினாறு வயதில் பெரிய நகரத்துப் பெரிய கழகம் ஒன்று, கால் கனமாக இருக்கிறது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியது. கனமான காலோடு நீங்கள் எங்களிடம் வந்தீர்கள். காலையில் துறைமுகத்து உறைபனிக் கிடங்கில் மீன்பெட்டி தூக்கி, நண்பகலுக்குப் பின் பயிற்சிக்கு ஓடிவந்து, உடைமாற்றும் அறையில் உங்களுக்குப் பக்கத்தில் சட்டை மாட்டும் ஆணி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும்படி ஹாடக் மீனின் மணத்தைப் பரப்பினீர்கள். உங்களுக்கு வேகம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் வேகமானவன் எங்கே போவான் என்று அவனுக்கு முன்பே கண்டுகொண்டு அங்கே போய் நிற்பது உங்களுக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. ஓடி ஓடி மூச்சு வாங்கி வந்தவன், தனக்கு முன்னால் நீங்கள் தபால்பெட்டிபோல நிற்பதைக் கண்டு திட்டிய திட்டுகளை இந்த அரங்கில் வாசிக்க முடியாது.

உங்கள் நற்குணங்களைப் பட்டியலிட வேண்டும் என்பது மரபு. மேடைக்கு உகந்த குணங்களை மற்றவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது சலவைக் கூடை. இருபது பருவங்களாக இந்தக் கழகத்தின் காலுறைகளை நான் கையாண்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் உருவி, சுருட்டி, சேறும் டேப்பும் உள்ளே ஒட்டிக்கிடக்கக் கூடையில் எறிவதே ஆட்டக்காரர்களின் அறம். ஒவ்வொன்றையும் விரல்விட்டுப் புரட்டி எடுப்பதற்குள் என் நகங்களுக்குள் மைதானமே குடியேறிவிடும். உங்கள் காலுறைகள் மட்டும் நேர்ப்புறமாகத் திருப்பி, டேப்பைக் கிழித்தெடுத்து, ஜோடியாக மடித்து வரும். தோற்ற நாளிலும் அப்படியே வரும். நெற்றியில் தையல் போட்ட நாளிலும் அப்படியே வந்தது. யாரும் உங்களிடம் கேட்டதில்லை, நீங்களும் யாரிடமும் சொன்னதில்லை.

இனி, இந்த ஊர் மறக்க மறுத்த அந்த நாளுக்கு வருகிறோம்.

உங்கள் இருபத்தேழாம் வயதில், பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரே ஹாலிங்டன் அணி. ஒரு சமநிலை கிடைத்தால் போதும், லீக்கில் நாம் நீடிப்போம்; தோற்றால் கீழே, சிறு ஊர்க் கழகங்களின் கூட்டத்துக்குள் விழுவோம். இருபுறமும் கோல் இல்லை, முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. ஹாலிங்டன்காரன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பந்து உங்கள் காலில். விழுந்தவன் எந்த அணியானாலும் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைப்பது நம் ஆட்டத்தின் பண்பு; அவனைத் தேற்றிய பிறகு பந்தைத் திருப்பித் தருவது எதிரணியின் பண்பு. இதற்குச் சட்டம் இல்லை, விசில் இல்லை, ஒருவரையொருவர் நம்புவது ஒன்றுதான் உண்டு. நீங்கள் வெளியே உதைத்தீர்கள். உதைத்துவிட்டு, விழுந்தவனின் பூட்ஸைப் பிடித்து, பிடித்துக்கொண்ட தசையை நீவிவிடக் குனிந்தீர்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் அவர்கள் பந்தை எறிந்தது நமக்கு அல்ல, தம் ஆள் ரஸ்ஸல் ஆர்மிட்டேஜுக்கு. அவர் ஓடினார், உதைத்தார், கோல். நமது ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். நீவிவிட்ட காலுக்குரியவன் எழுந்து ஓடிப்போய் ஆர்மிட்டேஜைக் கட்டிக்கொண்டான். நடுவர் தோளைக் குலுக்கினார். நாம் கீழே விழுந்தோம்.

ஊருக்குக் கோபம் வந்தது. வரட்டும், அது நியாயமான கோபம். துறைமுகம் ஓய்ந்து, கிடங்குகள் பல பூட்டி, இந்த ஊரின் பெயர் நாளிதழில் வருவது சனிக்கிழமை ஆட்ட முடிவுகளில் மட்டும்தான் என்றிருந்த காலம் அது. அந்தப் பெயரும் போயிற்று. கழகத்தில் ஆள் குறைத்தார்கள். எங்களில் இருவருக்கு வேலை போயிற்று, அதில் ஒருத்தி என் கூடப்பிறந்த தங்கை. ஆனால் அந்தக் கோபம் ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவரைப் பிடித்துக்கொண்டதை மட்டும் எங்களால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மழையில் நனைந்த நிருபர் ஒருவர் உங்களைப் பிடித்து நிறுத்தி, “இதே மாதிரி மறுபடி நடந்தா?” என்று கேட்டார்.

“மறுபடியும் வெளியதான் அடிப்பேன்,” என்றீர்கள்.

அது அச்சில் வந்தது. அவ்வளவுதான், ஊருக்கு ஒரு விளையாட்டு கிடைத்துவிட்டது. பந்து உங்கள் காலுக்கு வந்தால் போதும், “வெளிய அடிங்க பிரபு, வெளிய அடிங்க!” என்று பார்வையாளர் ஸ்டாண்ட் முழுக்க ராகம் போடும். பெருந்தன்மைக்காரர் என்று கேலியாக உங்களுக்கு வைத்த பட்டம்தான் பிரபு. எதிரணியினர் அல்ல, நம் சட்டையும் நம் கம்பளிக் கழுத்துத்துணியும் அணிந்த நம் ஆட்கள். பட்டர்வொர்த் கடையில் மீனும் சிப்ஸும் வாங்க நீங்கள் போய் நின்றால், வரிசை இரண்டாகப் பிரிந்து கும்பிடு போடும். “நீங்க முன்னாடி போங்க பிரபு. உங்களுக்குத்தான் மத்தவங்கள முன்னாடி விட்டே பழக்கமாச்சே, இன்னிக்கு ஒரு நாளாச்சும் நீங்க போங்க.” பேருந்தில் அப்படி. வங்கியில் அப்படி. உங்கள் மகள் ஃப்ரேயாவுக்குப் பள்ளிக் கதவருகே அப்படி. அந்தக் குழந்தை பல மாலைகள் வீட்டுக்குப் போகாமல் என் உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து பாடம் படித்ததை நீங்கள் அறிவீர்கள். சூடாக இருக்கிறது, அதனால்தான் வருகிறேன் என்று அவள் சொன்னாள். நானும் அதை நம்பியதாகவே காட்டிக்கொண்டேன்.

வேலை போன என் தங்கை உங்களைத் தேடி வந்தது நினைவிருக்கிறதா? கன்னத்தில் அறையப் போகிறாள் என்று லென் நடுவில் போய் நின்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஏம்ப்பா, அந்தாளுக்கு உண்மையிலேயே வலிச்சுதா?”

“வலிச்சுதுன்னுதான் நெனச்சேன்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த ஊரில் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மற்றவர்கள் கழகத்தை விட்டு ஓடினார்கள். மேலே இருந்த கழகங்கள் இரண்டு உங்களைக் கூப்பிட்டன. நீங்கள் போகவில்லை. நான்தான் கீழே தள்ளினேன், நான்தான் மேலே தூக்க வேண்டும் என்று லெனிடம் சொன்னீர்களாம். வேலியோரத்தில் நாய் படுத்திருக்கும் மைதானங்களில், உடைமாற்றும் அறையென்று சொல்லித் திறந்துவிட்ட சரக்குக் கொட்டகைகளில், ஆறு பருவங்கள் மண்ணைத் தின்றீர்கள். முழங்கால் வீங்கி, பயணப் பேருந்தின் நடுவழியில் காலை நீட்டிக்கொண்டு, உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினீர்கள். ஆறாம் பருவத்தில் நாம் மீண்டும் லீக்குக்கு ஏறினோம். அன்று ஊரே தெருவில் ஆடியது. கோல் அடித்தவனைத் தூக்கினார்கள், மேனேஜரைத் தூக்கினார்கள், குடிபோதையில் லெனைக்கூடத் தூக்கிக் கீழே போட்டார்கள். உங்களைப் பார்த்து ஒருவன் கத்தியது எங்கள் காதில் விழுந்தது: “இந்தக் கோப்பையையும் வெளிய அடிச்சிராதீங்க பிரபு!” நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்திருக்கக் கூடாது.

தலைவர் அவர்களின் பெருந்தன்மையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மடல் நிறைவு பெறாது. ஹாலிங்டன் ஆட்டத்தன்று இதே அரங்கில் மேசையைத் தட்டி அவர் சொன்னார்: “அந்த ஆர்மிட்டேஜ் ஒரு திருட்டுப் பய. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழ அவனுக்கு ஒரு கப் டீ கெடையாது.” கேட்ட நாங்கள் கைதட்டினோம். பின்னர் உங்களுக்கும் ஒரு வாக்குக் கொடுத்தார். ஆட்டம் முடித்ததும் சிறுவர் அணிகளுக்கு நீங்கள்தான் பயிற்சியாளர் என்றார். அதைச் சொல்லியே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உங்களைக் குறைந்த கூலிக்கு நிறுத்திவைத்தார். நீங்களும் அந்த ஒரு வேலைக்காகவே காத்திருந்தீர்கள். மீன்கிடங்குக்குத் திரும்ப உங்களுக்கு விருப்பமில்லை. முழங்காலுக்கும் அது ஆகாது. சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது என்னிடம் இருக்கிறது என்று ஒரு முறை என்னிடம் சொன்னீர்கள். என்னவென்று கேட்டதற்கு, “எங்க போய் நிக்கணும்னு,” என்றீர்கள்.

இப்போது சென்ற சனிக்கிழமை. தலைவர் கேட்ட நாலு வரி இங்கே தொடங்குகிறது.

மீண்டும் பருவத்தின் கடைசி ஆட்டம், மீண்டும் கீழே விழும் ஆபத்து. இம்முறை சமநிலை போதாது, வென்றே ஆக வேண்டும். உங்களுக்கோ அது வாழ்நாளின் கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன் என் சலவை அறை வாசலில், உள்ளே ஆள் இருப்பது தெரியாமலோ, தெரிந்தும் சலவைக்காரிதானே என்றோ, தலைவர் உங்களைத் தோளில் கைபோட்டு நிறுத்தினார்.

“தம்பி, பசங்களுக்கு ஜெயிக்கச் சொல்லித்தர ஆள்தான் எனக்கு வேணும். நல்லவனா இருக்கச் சொல்லித்தர சர்ச்சுல ஆள் இருக்கு. உன்கிட்ட அது இருக்கா இல்லையான்னு கழக போர்டு மெம்பருங்க கேக்கறாங்க. இன்னிக்குக் காட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

உங்கள் பூட்ஸ் ஆணிகள் சிமெண்ட் தரையில் நடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆளுக்கொரு கோல் என்றிருந்தது. நேரம் முடியும் தறுவாயில், ஆல்ட்விக் அணியின் இளம் முன்களக்காரர் ஓவன் பிரிட்சட் உங்களோடு பந்துக்குப் பாய்ந்தார். உங்கள் மீது தவறில்லை. பந்தைச் சுத்தமாக எடுத்தீர்கள். அவருடைய கணுக்கால் சேற்றில் சிக்கித் திரும்பிய சத்தம், கோட்டோரம் நின்ற லெனுக்கே கேட்டது. நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்ட்விக்காரர்கள் கையை உயர்த்தி நின்றுவிட்டார்கள். நீங்களும் கீழே கிடந்தவரைப் பார்த்தீர்கள். அந்த நொடியில் ஸ்டாண்ட் முழுவதும் பழைய ராகத்தை எடுத்தது: “வெளிய அடிங்க பிரபு, வெளிய அடிங்க!” உங்கள் தலை கோட்டின் பக்கம் திரும்பியது. பிறகு முன்னால் திரும்பியது. நீங்கள் பந்தை நெடிதாக, நேராக, நமது முன்களத்துக்கு உதைத்தீர்கள். கை உயர்த்தி நின்றவர்களைக் கடந்து நம் ஆள் தனியாக ஓடிப்போய் கோல் போட்டான்.

ஊர் தப்பியது. கழகம் தப்பியது. உங்கள் நற்குணத்தால் எங்களில் இருவர் வேலை இழந்தார்கள். உங்கள் இந்தச் செயலால் நாங்கள் அத்தனை பேரும் வேலையில் இருக்கிறோம். இந்த மாதச் சம்பளத்தில் நான் வாங்கும் ரொட்டி அந்த உதையில் வந்த ரொட்டி. அதனால் உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. ஆனாலும் பிராக், அந்தக் கோலைப் பாராட்டி ஒரு வரி எழுத உட்கார்ந்தபோது, லெனுக்கும் எனக்கும் கை வரவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் ஊர் உங்களைத் தோளில் தூக்கியது. பிரபு என்று கேலி செய்த வாய்கள் பிராக், பிராக் என்று பாடின. அவர்கள் தோள்மேல் நீங்கள் போனபோது, ஓவன் பிரிட்சட்டைத் தூக்குப்படுக்கையில் வைத்து மறுபக்கக் கதவு வழியாகக் கொண்டுபோனார்கள். அன்று மாலை கூடையைக் கவிழ்த்தேன். உங்கள் காலுறைகள் உட்புறம் வெளியாகச் சுருண்டு, டேப்பும் சேறும் உள்ளேயே கிடக்க, மற்ற எல்லோருடையதையும் போல இருந்தன. ஐந்தாம் எண் போட்டிருந்ததால்தான் உங்களுடையவை என்று தெரிந்தது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் உங்கள் முழங்கால் வண்டி ஓட்ட விடாததால் லென் உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். லென் வந்து சொன்னதை அப்படியே தருகிறோம். ஓவன் சிரித்தாராம்.

“எதுக்கு சார் மன்னிப்பு? என் கால நீங்களா ஒடச்சீங்க? பந்து என்கிட்ட இருந்திருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். எங்க கோச்சு சின்னதுல உங்க வீடியோவப் போட்டுத்தான் சொல்லித்தருவாரு.”

“எந்த வீடியோ?”

“அதான் சார், நீங்க வெளிய அடிச்சுட்டு குனிஞ்சு அவன் கால நீவிக்கிட்டு இருப்பீங்களே, பின்னாடி கோல் விழுமே. ‘இந்தாளு மாதிரி ஏமாளியா இருக்காதீங்கடா’ன்னு சொல்லுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க.”

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. லென் வாங்கிப்போன திராட்சையை அவருக்கு அருகில் நகர்த்தி வைத்தீர்கள். திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தின்மேல், “லென், நான் வெளிய அடிச்சிருக்கணும்,” என்றீர்கள்.

செவ்வாயன்று நாளிதழ் வந்தது. சிறுவர் அணிகளின் புதிய பயிற்சியாளர் பெயர் அதில் இருந்தது: ரஸ்ஸல் ஆர்மிட்டேஜ். வெல்லத் தெரிந்தவர் என்று தலைவர் புகழ்ந்திருந்தார். ஒப்பந்தம் ஆட்டத்துக்கு முந்தைய வியாழனே கையெழுத்தாகிவிட்டதாம். அதாவது, இன்னிக்குக் காட்டு என்று உங்கள் தோளில் கைபோட்டபோது, காட்டுவதற்கு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. செய்தியைப் படித்துவிட்டு நீங்கள் என் அறைக்கு வந்து, மூலையில் கிடந்த உங்கள் பழைய பூட்ஸை எடுத்துக்கொண்டு, “சரி மவ்ரீன்,” என்றீர்கள். நான் உங்களைவிட அதிகமாகப் பேசினேன். அவற்றில் பல சொற்களைத் துவைத்தாலும் வெளுக்காது.

திரு. ஆர்மிட்டேஜ் இன்று தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இந்தக் கூரைக்குக் கீழே அவருக்கு ஒரு கப் டீ என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

ஆகவே, அன்பரே, எதைப் பாராட்டுவது என்று எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை நடந்தது. இறுதியில் முடிவு செய்தோம். ஊர் உங்களைத் தூக்கிய உதையை ஊரே பாராட்டிக்கொள்ளட்டும். ஊர் உங்களைத் தூற்றிய அந்த முதல் உதையை, ஹாலிங்டனுக்கு எதிராகக் கோட்டுக்கு வெளியே போய், விளம்பரப் பலகையில் மோதி, லெனின் காலடியில் வந்து நின்ற அந்தப் பந்தை, அதை உதைத்துவிட்டுக் குனிந்த உங்கள் முதுகை, நாங்கள் பாராட்டுகிறோம். அன்று வேலை இழந்த என் தங்கையும் இன்று கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறாள். அவளும் இதில் கையெழுத்திட்டிருக்கிறாள்.

இந்த மடல் இருக்கும் கண்ணாடிச் சட்டகம் தலைவர் அவர்கள் வாங்கித் தந்தது. அதற்குள் சனிக்கிழமை கோலின் புகைப்படம் இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறோம். புகைப்படம் வேண்டுமானால் அலுவலகத்தில் டெனிஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாழ்த்தி முடிக்கும் முன் ஒன்று. நேற்று மாலை பட்டர்வொர்த் கடையில் நல்ல கூட்டம். நானும் வரிசையில் நின்றேன். நீங்கள் மழையோடு உள்ளே வந்தீர்கள். வரிசை பழையபடி இரண்டாகப் பிரிந்தது. “நீங்க முன்னாடி போங்க பிராக்,” என்றார்கள். பதினோரு ஆண்டுகளாகச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் நேற்று ஒருவர் முகத்திலும் கேலி இல்லை, தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். அடுப்புக்குப் பின்னாலிருந்து பட்டர்வொர்த், “உங்களுக்குத்தான் முதல்ல, காசு வேண்டாம்,” என்று கூப்பிட்டார். உங்கள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கேலி செய்த நாட்களில்கூட அது அப்படி வெளுத்ததில்லை.

“நான் கடைசியா வந்தவன்,” என்று சொல்லிவிட்டு, கதவோரம், எல்லோருக்கும் பின்னால் போய் நின்றீர்கள். எவ்வளவு கூப்பிட்டும் நகரவில்லை. எனக்குப் பின்னால், வீங்கிய காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சாரல் முதுகில் விழ நின்றீர்கள். நான் வாங்கி முடித்து, உங்களுக்காக வெளியே காத்திருந்தேன். உங்கள் முறை வந்தபோது மீன் தீர்ந்துபோயிருந்தது. சிப்ஸ் மட்டும் வாங்கி, காசு கொடுத்து, வினிகர் ஊற்றிக்கொண்டு போனீர்கள்.

வரிசையின் கடைசியில் நின்ற அந்த மனிதருக்கே இம்மடல். முழங்கால் வலி தணிந்து, மூச்சு குறையாது, துணைவியாரும் மகளும் சூழ நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். எந்த ஊரில் வாழ்ந்தாலும், வரிசையில் உங்கள் முறை வரும்போது அங்கே உங்களுக்கு ஒரு துண்டு மீன் மிச்சமிருக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மவ்ரீன் டவ்ஸ்வெல், சலவை அறை
லென் சட்டர்பி, மைதானம்
டெனிஸ், அலுவலகம் (தலைவருக்குத் தெரியாமல்)
மற்றும் வேலை இழந்தோர், வேலையில் இருப்போர் அனைவரும்
ஸ்கெல்பி நகரக் கால்பந்துக் கழகம்